இருபது அடி பின்னால்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு தெரு இருந்ததாம், தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வாறுகால் ஓடியதாம், சாக்கடைத் தண்ணீர்தான், ஆனாலும் ஓடியதாம், அதன் மேல் ஒரு கல் பலகை கிடந்ததாம், அந்தக் கல்லை முப்பத்துமூன்று வருஷமாக மிதிக்காமல் சுற்றிப் போகிற ஒருத்தி இருந்தாளாம் என்று யாராவது பிற்காலத்தில் கதை சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும், பாளையங்கோட்டையில் அந்தத் தெருவும் அந்தக் கல்லும் இருப்பது நிஜம், அந்த ஒருத்தி இன்று காலை ஒன்பது மணிக்குத் தன் வீட்டு வாசலில் இடதுகையில் தோல்வாரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றதும் நிஜம். பெயர் நவமணி. வயது ஐம்பத்திரண்டு. தோல்வாரின் அந்த முனையில் கிராம்பு உட்கார்ந்திருந்தான், கருப்பு லாப்ரடார், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் அஞ்சறைப்பெட்டிப் பெயராக வைத்திருந்தார்கள், இவனுக்குக் கிராம்பு விழுந்தது. முதுகில் மஞ்சள் சட்டை, அதில் ‘பயிற்சியில் இருக்கிறேன், தொடாதீர்கள்’ என்று எழுத்து. பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டப் போகிற நாய். அதற்கு முன்னால் பதினாலு மாதம் ஒரு வீட்டில் வளர வேண்டும், அந்த வீடு நவமணியின் வீடு, அந்தப் பதினாலு மாதம் இன்றோடு சரி. மதுரையிலிருந்து அறக்கட்டளைப் பெண் ஹாஜிரா வந்திருந்தாள், இருபத்தாறு வயது இருக்கும், கையில் அட்டையில் செருகின தாள். “நவமணிம்மா, பெட்ரோல் பங்க் பக்கத்துல வேன் நிக்குது. அதுவரைக்கும் நீங்க தினம் நடக்கிற மாதிரியே நடங்க. நான் இருபது அடி பின்னால வருவேன். ஒண்ணே ஒண்ணு, திரும்பிப் பாக்கக் கூடாது. நீங்க திரும்பினா அவனும் திரும்புவான், எனக்கு எழுத ஒண்ணும் இருக்காது.” எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா கோலப்பொடிக் கையோடு வந்து நின்றாள். “என்ன நவமணி, மாப்பிள்ளை இன்னைக்கு வேலைல சேரப் போறாராக்கும். சம்பளம் எவ்வளவாம்?” “போங்கக்கா.” “நான் ஒருநாளும் முறுக்கு போட்டதில்ல கேட்டியா, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிரு.” கிராம்பு அவள் மடியையே பார்த்தான். ஹாஜிரா சிரித்துக்கொண்டே தாளில் ஏதோ குறித்தாள், நவமணிக்கு அந்தச் சிரிப்பு கேட்டது, முகம் தெரியவில்லை, ஏனென்றால் அவள் ஏற்கெனவே முன்னால் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். “போலாம்” என்றாள். கிராம்பு எழுந்தான்.

டப், டப், டப். பின்னால் ரப்பர் செருப்பு. இந்தக் காலத்துப் பெண்கள் போடுகிற செருப்புக்கு அப்படிச் சத்தம் வராதே, ஒருவேளை வேனில் நல்ல செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாளோ, ரப்பர் செருப்பு போட்டவர்கள் உலகத்தில் ஒருத்தர்தானா, நீ பாட்டுக்கு நட. தையல்கடை, மாவு மில், பூட்டின வீடு. கிராம்பு இடதுபக்கம் முழங்காலை ஒட்டினாற்போல் வந்தான், எந்த நாயும் இடதுபக்கம்தான் நடக்க வேண்டும் என்று அவர்கள் முதல்நாளே சொன்னார்கள், சொன்னபோது நவமணியின் இடதுதோள் தானாகக் கொஞ்சம் இறங்கியது, பாரம் ஏறப்போகிற தோள் மாதிரி. அப்பாவின் கை இருந்த தோள். தங்கையா, ரேஷன் கடையில் எடை போட்டவர், நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது, முதலில் தராசு முள் தெரியவில்லை, பிறகு தராசு தெரியவில்லை, பிறகு வரிசையில் நிற்கிற ஜனம் தெரியவில்லை, குரலை வைத்து ‘யாரு, சொர்ணத்தம்மாளா’ என்று கேட்டு ஒரு மாதம் ஒப்பேற்றினார். அப்புறம் வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டீ, அதற்கு மகளின் தோள். அந்தக் கை அழுத்தாது. வைத்திருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி நாலு விரல், சட்டைத் துணியைத் தொட்டும் தொடாமலும். அழுத்தியிருந்தால், எடுத்துவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். டப், டப். குட்டியாக இவன் வந்தபோது ஆப்பிள் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டுவந்தார்கள், இரண்டு மாதக் குட்டி, பெட்டி முழுக்க வயிறு. கட்டிலில் ஏற்றக்கூடாது, தட்டிலிருந்து எடுத்து ஊட்டக்கூடாது, கோபத்தில் பெயரைச் சொல்லக்கூடாது. முதல் வாரம் அடுக்களையில் அவளுடைய இடதுகால் செருப்பை மட்டும் தேடித் தேடிக் கடித்தான், வலதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவள் ஆறு இடதுகால் செருப்பு வாங்க முடியுமா, ஒரு மாதம் வெறுங்காலோடு நடந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் “இது டிக்கெட்டா லக்கேஜா, அதச் சொல்லுங்க முதல்ல” என்றார். கோயில் கொடைக்குக் கூட்டிப்போய் மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்த்தினாள், வெடிச் சத்தத்துக்குக் காதை மட்டும் ஆட்டினான், பயமே இல்லை, எதற்குமே பயமில்லை, மாதாமாதம் அனுப்புகிற அறிக்கையில் ‘தயங்கும் இடங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு, அதில் மாதாமாதம் ‘இல்லை’ என்று எழுதினாள், எழுதும்போது பேனா ஒரு நிமிஷம் நிற்கும். டப், டப், பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை. செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. நவமணி நடந்துகொண்டிருந்தாள், கால் நடந்தது, முதுகு நடக்கவில்லை. அந்தப் பெண் எங்கே. திரும்பக் கூடாது என்றிருக்கிறாள். மோட்டார்சைக்கிள் சத்தமும் கேட்கவில்லை, பிரேக் சத்தமும் கேட்கவில்லை, ஒரு பெண் இருபது அடிக்குள் என்ன ஆகிவிட முடியும், ஆகும், நாலு அடிக்குள் ஆகும். அன்றைக்கும் அப்படித்தான். எல்லாரும் கேட்டார்கள், உங்கப்பா கத்தினாரா, எப்படித் தெரிந்தது உனக்கு என்று. அவர் கத்தவில்லை. சத்தம் வந்து தெரியவில்லை, சத்தம் நின்று தெரிந்தது. டப், டப் என்று அவருடைய ரப்பர் செருப்பு வந்துகொண்டிருந்தது, நின்றது, அவ்வளவுதான், அவள் நினைத்தாள் அப்பா நின்றுவிட்டார் என்று, கோபத்தில் நிற்கிறார், நிற்கட்டுமே என்றுகூட நினைத்தாள், அப்படி நினைப்பதற்கு ஒரு மூச்சு நேரம் ஆனது, அந்த ஒரு மூச்சை இன்றுவரை வெளியே விட முடியவில்லை. தோல்வார் அவள் விரலில் இறுகிக்கொண்டு போனது. கிராம்பு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பார்க்காதே, நீ முன்னால் பார். பின்னால், தூரத்தில், “ஆங், வந்துட்டேன் அண்ணே, ஒரு பத்து நிமிஷம், வேனை நிழல்ல போடுங்க” என்று ஹாஜிரா போனில் பேசுகிற குரல், பிறகு ஓட்டமும் நடையுமாகச் செருப்பு, டப்டப்டப்டப், பிறகு பழைய கதிக்கு வந்து, டப், டப். நவமணியின் ரவிக்கை முதுகில் நனைந்திருந்தது. இவ்வளவுதான். ஒரு போன். தோல்வாரைத் தளர்த்தினாள், கிராம்பு தளர்ந்தான். அதைத்தான் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள், உங்கள் கையில் இருப்பதெல்லாம் வாரில் இறங்கி நாய்க்குப் போகும், நீங்கள் மறைத்தாலும் போகும், வாய்க்குத் தெரியாதது வாருக்குத் தெரியும் என்று ஒரு வாத்தியார் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

பத்துச் சொல். ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள், சமையல்கட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வா, நில், உட்கார், படு, இரு, விடு, வேண்டாம், மெல்ல, பின்னால். பத்தாவது நேரா. நாய் எங்கே வளர்ந்தாலும், கடைசியில் யார் கைக்குப் போனாலும் இந்தப் பத்தும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆளுக்கொரு சொல் சொன்னால் நாய் பாவம் குழம்பிப் போகும். ஒன்பதைக் கிராம்பு ஒன்பது வாரத்தில் படித்தான். பத்தாவதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வாயெடுப்பாள், நே என்று நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பதிலாக ‘போலாம்’ என்பாள், அதற்கு அவன் எழுந்து போவான், போனால் சரிதானே, போவதற்கு எந்தச் சொல்லாக இருந்தால் என்ன. அறிக்கையில் பத்துக்கும் டிக் போட்டாள். போலாம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போவது. நேரா என்றால் அவன் முன்னால், தடுமாறினாலும் தடுமாறாவிட்டாலும் அவன் முன்னால், பின்னால் ஒருத்தர் அதை நம்பிக்கொண்டு. பார்வை இல்லாத ஒருத்தர், யாரோ, அவருக்கு இப்போதைக்கு முகமில்லை, நவமணி அவருக்கு முகம் வைக்கப் பார்க்கும்போதெல்லாம் ஒரே முகம்தான் வந்தது, இரண்டு நாள் தாடி, துடைக்காத மூக்குக்கண்ணாடி, கண்ணாடி எதற்கு இனிமேல் என்று அம்மா கேட்டதற்கு மூக்குக்குப் பழகிருச்சு என்று சொன்ன முகம். அந்த யாரோ ‘நேரா’ என்பார். கிராம்பு நிற்பான். எங்கே நிற்பான், எல்லா இடத்திலுமா, இல்லை, அந்த ஒரு இடத்தில்தான், ஆனால் ஊரெல்லாம் வாறுகால், எல்லா வாறுகாலுக்கும் கல். தேறாத நாயை என்ன செய்வார்கள் என்று போன மாதம் சும்மா கேட்கிற மாதிரி போனில் கேட்டாள். வளர்த்தவர்களிடம்தான் முதலில் கேட்போம், வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். போனை வைத்தபிறகு வெகுநேரம் கிராம்பின் வயிற்றில் கை வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம். அதுதான் விசேஷம். பொய் சொல்ல வேண்டாம், அழ வேண்டாம், கெஞ்ச வேண்டாம், தினம் நடக்கிற மாதிரி நடந்தால் போதும், அந்தக் கல்லுக்கு முன்னால் அவள் நிற்பாள், அவன் உட்காருவான், பின்னால் வருகிறவள் எழுதிக்கொள்வாள், கிராம்பு இன்று ராத்திரி அடுக்களை வாசலில் கோணிமேல் சுருண்டு கிடப்பான், அவளுடைய மூச்சு அல்லாமல் வேறொரு மூச்சு அந்த வீட்டில் இருக்கும். ஒருவேளை பதினாலு மாதமாகக் கைக்கு இது தெரியுமோ. கை இதற்காகத்தான் தினம் அங்கே இறுகியதோ. பயம் என்று நினைத்தது பயம்தானா, இல்லை, வேறொன்று பயம் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்ததா. டப், டப்.

சேறு. அவளுக்கு எல்லாம் தெளிவாகத்தான் ஞாபகம், சேறு மட்டும் நழுவும். வாறுகாலைத் தூர்வாரி அள்ளிப்போட்ட சேறு, ஓரத்தில் ஒரு குவியல், கருப்பாக, அதில் பல் உடைந்த பச்சைச் சீப்பு ஒன்று நட்டுக்கொண்டு நின்றது. சீப்பு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அப்படியானால் அவள் அதைப் பார்த்தாள். எப்போது பார்த்தாள். அன்று காலை டைப் கிளாஸுக்குப் போகும்போது பார்த்திருந்தால், கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள், குழி திறந்து கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னாள் என்றாகிறது. விழுந்த பிறகு, ஆட்கள் இறங்கித் தூக்கும்போது பார்த்திருந்தால், தெரியாது. காலை வெயிலில் சீப்பு பளபளத்ததாக ஒருநாள் தோன்றும். அன்று காலை மூடாக்கு என்று மறுநாள் தோன்றும். முப்பத்துமூன்று வருஷமாக அந்தச் சீப்பை எடுத்து எடுத்து இரண்டு இடத்திலும் வைத்துப் பார்க்கிறாள், இரண்டிலும் பொருந்துகிறது. பொருந்தாமல் இருந்தால் நிம்மதி, இப்படியோ அப்படியோ. பத்தொன்பது வயது. டைப் கிளாஸ் விட்டு மூன்று பேர் அந்த முக்கில் நின்றார்கள், கூடப் படிக்கிற பிள்ளைகள், அதில் ஒருத்தி போன வாரம் தோளை ஒருபக்கம் சாய்த்து நடந்து காட்டி “வண்டி மாடு வருது, வழி விடுங்கட்டி” என்றிருந்தாள், எல்லாரும் சிரித்தார்கள், நவமணியும்தான். அன்றைக்கு அவர்களைத் தூரத்தில் பார்த்ததும் தோளைக் குலுக்கினாள். பெரிதாகக்கூட இல்லை. ஈ உட்கார்ந்தால் குலுக்குவோமே, அவ்வளவு. நாலு விரலும் உடனே போய்விட்டன, கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. “ரோடு சும்மாத்தான் கிடக்குப்பா. நேரா வாங்க.” சொல்லிவிட்டு நாலு எட்டு முன்னால் போய்விட்டாள், கல் இருக்கிற பக்கமாகப் போகவில்லை, வாறுகால் அடியில் குழாய்க்குள் ஓடுகிற வண்டிப் பாதையில் இறங்கிப் போனாள். ஏன் இறங்கினாய், குழி தெரிந்துதானே இறங்கினாய், இல்லை, அந்தப் பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்றார்கள், அவர்களிடம் போகத்தான் இறங்கினேன், சத்தியமா, சத்தியமாத்தானா. அவர் நேரே வந்தார். மகள் சொன்னபடி ஒரு இம்மி விலகாமல் நேரே வந்தார். இடுப்பெலும்பு முறிந்து நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறவில்லை. அம்மா கேட்டாள், பிள்ளை கையை ஏன் விட்டீக. “நான்தான் தட்டிவிட்டேன். எனக்கு ஒரு ரோசம், நாலு பேர் முன்னால பொட்டப்பிள்ளை தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணுமான்னு.” அதைச் சொல்லும்போது அவர் முகம் நவமணி நின்ற பக்கம் திரும்பவில்லை, எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும், மூச்சை வைத்தே தெரியும். அவள் வாய் திறக்கவில்லை. அம்மா சாகிறவரைக்கும் அந்த மனுசனின் ரோசத்தைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நவமணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கல் வந்துவிட்டது. அது ஒன்றும் பெரிய கல் இல்லை, நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒரு மூலை உடைந்தது, இந்தப் பக்கம் நடைபாதை, அந்தப் பக்கம் நடைபாதை, நடுவில் இது. நில் என்று அவள் சொல்லவில்லை. பாதம் நின்றது. கை இறுகியது. கிராம்பு கல்லுக்கு ஒரு சாண் முன்னால் அழகாக உட்கார்ந்தான், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நன்றாகச் செய்தேனா என்று அண்ணாந்து பார்த்தான். வழக்கமாக இதற்குப் பிறகு இரண்டு பேரும் வண்டிப் பாதையில் இறங்கிச் சுற்றிப் போவார்கள். இன்று அவள் இறங்கவில்லை. பின்னால் செருப்பு பத்தடி வந்தது, ஐந்தடி வந்தது, பக்கத்தில் வந்து நின்றது. “என்னம்மா, ஏன் உக்காந்துட்டான்?” எதிர்ச்சாரி டீக்கடையில் பாய்லருக்குப் பின்னாலிருந்து முப்பிடாதி கழுத்தை நீட்டினார், தெருவில் எது நடந்தாலும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். “மதுரைப் பிள்ளையா? நீ ஒண்ணும் பயப்படாதம்மா. அது தினம் அப்படித்தான். எங்க ஊர்க் கல்லுக்குக் கும்பிடு போடாம அய்யா தாண்டமாட்டாரு. நானும் ஒரு வருசமாப் பாக்கேன், இன்னும் ஆறு மாசம் விட்டா மாலை கட்டிப் போட்டுக் கொடை நடத்திருவாரு.” கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஹாஜிரா சிரிக்கவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு மாதமும் ‘இல்லை’, ‘இல்லை’. “குடுங்கம்மா.” தோல்வாரை வாங்கிக்கொண்டாள். “கிராம்பு. நேரா.” அவன் அவளைப் பார்த்தான், நவமணியைப் பார்த்தான், உட்கார்ந்தே இருந்தான். “நேரா.” அவன் வால் தரையில் ஒருதடவை அடித்தது, மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரியாது என்கிற மாதிரி. ஹாஜிரா பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். “இந்த மாதிரி ஒரு இடத்துல பயம் பிடிச்சுப்போன நாயை நாங்க எடுக்க மாட்டோம்மா. கல்லைக் கண்டு உக்காந்தான்னா நம்பி வர்றவங்க ரோட்டுல நிப்பாங்க. நல்ல பையன்தான், பாவம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கே குடுத்துருவாங்க. அதுவும் ஒரு வகைல சந்தோசம்தானே?” பேனா கட்டத்தின்மேல் இறங்கியது. ‘நாய்க்குப் பயம்’ என்று எழுதப் போகிறாள். எழுதட்டும். கிராம்பு தட்டிவிட்டான் என்று எழுதட்டும், அவனுக்கு ரோசம் என்று எழுதட்டும், அவன் வாய் திறக்கமாட்டான், அவளைக் காட்டிக் கொடுக்கமாட்டான், அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொள்வான், நாலு விரல் மாதிரி, கேட்காமல், சாகிறவரைக்கும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம். “எழுதாதீங்க” என்று யாரோ சொன்னார்கள். அவள்தான். “பயம் அவனுக்கு இல்ல. எனக்கு. இந்த இடத்துல எங்கப்பா விழுந்தாரு, கண்ணு தெரியாதவரு. கல்லைப் பெயர்த்துப் போட்டிருந்தாங்க. அவரு என் தோளைப் பிடிச்சிருந்தாரு, நான்தான் உதறிவிட்டேன். நேரா வாங்கன்னு சொன்னதும் நான்தான்.” பாய்லர் சீறியது. முப்பிடாதி வடிகட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். “உங்கப்பா தானா கையை விட்டார்னுல்லா ஊர்ல பேச்சு,” என்றார், கேலி இல்லாத குரலில், அது அவருக்கே புதிய குரல். “அது அவரு சொன்ன பொய், அண்ணாச்சி.” முப்பிடாதி ஒரு டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார், கழுவின டம்ளர். குழி இருந்தது தெரியுமா தெரியாதா என்பதை நவமணி சொல்லவில்லை, அது அவளுக்கே தெரியாது, தெரியாததைச் சொல்ல முடியாது. “அந்தச் சொல்லை நான் இவனுக்குச் சொல்லியே குடுக்கலம்மா. டிக் மட்டும் போட்டேன்.”

ஹாஜிரா பேனாவை மூடினாள். ஆறுதல் சொல்வாளோ என்று நவமணிக்குப் பயம், சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஹாஜிரா கிராம்பின் காதைத் தூக்கி உள்ளே பார்த்தாள், வேலைக்காரி, வேலையைப் பார்க்கிறவள். “வளத்தவங்க பழக்கம்னு தனியா ஒரு பத்தி இருக்கு, அதுல எழுதிக்கிறேன். அதுக்காக நாயைத் தள்ள மாட்டாங்க, அங்க வந்து திருத்திக்கலாம். ஆனா இவன் அந்தச் சொல்லைக் கேட்டு இந்தக் கல்லை ஒருதடவையாச்சும் தாண்டிருக்கணும்மா. உங்க குரல்ல. என் குரலை இவன் நம்பணும்னு என்ன இருக்கு.” தோல்வாரைத் தரையில் விட்டாள். “நீங்க அந்தப் பக்கம் போங்க. போய் நின்னு கூப்பிடுங்க. வந்தான்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். அதையும் சொல்லிர்றேன். வரலைன்னா உங்ககூட வீட்டுக்கு. நீங்களே பாத்துக்கங்க.” அந்தப் பக்கம் என்றால் கல்லைத் தாண்டி. வண்டிப் பாதையில் இறங்கலாம், இறங்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நவமணி வலதுகாலை வைத்தாள். கல் ஆடியது, டொக் என்றது, இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் மிதித்து அந்த டொக்கைக் கேட்டிருக்கிறாள், தன் காலடியில் கேட்டதில்லை, கீழே தண்ணீர் ஓடுகிற குளிர் செருப்பு வழியாக ஏறுவதாகத் தோன்றியது, சாக்கடைக்கு ஏது குளிர். இடதுகால். அவ்வளவுதான், நாலு எட்டு, நாலே எட்டுதான். அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள். அன்றிலிருந்து அவள் இங்கே நின்று திரும்பிப் பார்த்ததில்லை, அன்றைக்குத் திரும்பியபோது பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை, காலித் தெரு, குழிக்குள்ளிருந்து ஒரு கை. இன்றைக்கு ஒரு கருப்பு நாய் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஹாஜிரா. ஹாஜிராவுக்குப் பின்னால் தெரு, வெயில், யாரும் இல்லாத அந்த இடம், யாரும் இல்லை என்று சொல்ல முடியாதபடி யாரும் இல்லாத இடம், மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் அது முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காக, இவ்வளவு காலமும் கோபமில்லாமல். சொல்லாமல் இருக்கலாம். இன்னும் இருக்கலாம். ‘வா’ என்று சொன்னால்கூட வந்துவிடுவான், அது பத்தில் முதல் சொல், ஹாஜிரா ஒப்புக்கொள்ள மாட்டாள், வீட்டுக்குப் போகலாம், கோணி, மூச்சு. நாக்கு மேலே போய் ஒட்டியது. கிராம்பு தலையைச் சாய்த்தான், ஒரு காது மடங்கிக்கொண்டது. கல் கிடக்கிறது, பார்த்துவிட்டேன், மிதித்துவிட்டேன், இன்றைக்குக் குழி இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும், இன்றைக்குத் தெரியும். “நேரா,” என்றாள். குரல் வரவில்லை. “நேரா வா.” அவன் எழுந்தான். கல்லின் ஓரத்தை ஒருமுறை முகர்ந்தான், ஒரு வருஷமாகக் கும்பிட்டது இவ்வளவுதானா என்கிற மாதிரி, தோல்வார் பின்னால் இழுபட, டொக், டொக்கென்று நாலு காலாலும் தாண்டி வந்து அவள் இடதுமுழங்காலில் தலையை வைத்தான். அவள் குனிந்து அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டாள், அதில் வெயில் சுட்டது. டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜிரா தாண்டி வந்து தோல்வாரை எடுத்துக்கொண்டாள். “வேன் வரைக்கும் வர்றீங்களாம்மா?” “இல்ல, நீங்க போங்க. நான் வந்தா என்னைத்தான் பாப்பான்.” “அதுவும் சரிதான்.” ஹாஜிரா தாளை அட்டையில் செருகிக்கொண்டே, “முறுக்கு சாப்ட்டிருக்கான், எனக்குத் தெரியும், அதை நான் எழுதல” என்றாள். நவமணிக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் போனது. அவர்கள் நடந்தார்கள். பத்தடி போனதும் கிராம்பு நின்று திரும்பினான், கழுத்தை முழுக்க வளைத்து, வரவில்லையா என்று கேட்கிற அந்தப் பார்வை, வாரைப் பிடித்தவள் இழுக்கவில்லை, காத்திருந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவான். இடதுதோள் இறங்கியிருந்தது, அதில் எதுவும் இல்லை, நாலு விரல் அளவுக்குக்கூட இல்லை. “நேரா, கிராம்பு” என்றாள் நவமணி, இந்தமுறை டீக்கடை வரை கேட்கும்படியாக. “நேரா போ.” அவன் முன்னால் திரும்பினான். மஞ்சள் சட்டை வெயிலில் சின்னதாகிக்கொண்டு போனது. அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள், கண்ணை மூடிக்கொண்டு, கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றபடி. டப், டப், டப். சைக்கிள் கடை தாண்டிவிட்டது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதற்குள்ளும் அது இருந்தது, பஸ் போனபிறகும் இருந்தது. நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று அவள் ஒவ்வொரு டப்புக்கும் அடுத்த டப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் நிற்கவில்லை. தூரம் ஆக ஆகத் தேய்ந்தது, மெலிந்தது, காதுக்கு எட்டாமல் போனது, ஆனால் நடந்துகொண்டேதான் போனது.